எல்லைக்கல் ஊர்கள் – 9: பாண்டியைத் தாண்டி வரும் தமிழ்நாடு

விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறினால் கோலியனூர், வளவனூர், கெங்கராம்பாளையம் வரைக்கும் தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்ததும் மதுக்கடைகளின் வரிசையே சொல்லிவிடும், புதுச்சேரி தொடங்கிவிட்டது என்று. திருபுவனையும் புதுச்சேரிதான். அதைத் தாண்டியதும் சாலை மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அங்கே இருப்பது கண்டமங்கலம். அடுத்து அரியூரில் மீண்டும் புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத வழியில் மூன்று முறை அரசாங்கம் மாறுகிறது. டிக்கெட் மட்டும் ஒன்றுதான்.

சென்ற இதழில் வளவனூர் வரை வந்திருந்தோம். கண்டமங்கலத்துக்கென்று தனியாக ஓர் இதழ் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பாடல் பெற்ற தலம் இல்லை. பேர் சொல்லும் அரண்மனை இல்லை. ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம், சாலையோரக் கடைகள். பஸ் ஜன்னலில் தெரிவது இவ்வளவுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் யார் யாரை எண்ணினார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் சிற்றூர் வரலாறு எழுதுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 1785இல் அங்கே ஒரு நிலச் சட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று நாட்டையே சதுரம் சதுரமாக அளந்து, அதற்குப் பிறகுதான் குடியேறிகளுக்கு விற்றார்கள். அந்த மண்ணில் முன்பே இருந்த பழங்குடிகள் எங்கே போனார்கள் என்பதை அந்த ஊர் வரலாறுகள் ஒரே வரியில் கடந்துவிடும். மற்றபடி மனை போட்ட ஆண்டு, முதல் தபாலாபீஸ், ரயில் வந்த நாள், பத்தாண்டுக்கொருமுறை தலைக்கணக்கு என்று அடுக்கினால் புத்தகம் முடிந்தது. நம் பக்கம் எல்லாம் தலைகீழ். ஊர் முதலில் வந்தது. கோடு ஆயிரம் ஆண்டு கழித்து வந்தது.

கோடு வருவதற்கு முந்தைய கணக்கு ஒன்று திருபுவனையில் கல்லில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில். சோழர் காலத்தில் அந்த ஊர் திரிபுவன மாதேவிச் சதுர்வேதிமங்கலம். முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 1048இல், அங்கே நடந்த கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அதற்குச் சற்று முன்பு, ராஜேந்திரன் காலத்தில், விழுப்புரத்துக்கு வடக்கே எண்ணாயிரத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதம் படித்தவர்கள், இலக்கணம் படித்தவர்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று தலைக்குத் தலை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தின் மிகப் பழைய தலைக்கணக்கு என்று இவற்றைத்தான் சொல்லவேண்டும். அந்த நெல்லை விளைவித்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் சுவரிலும் இல்லை. கண்டமங்கலத்து உழவர்கள் அந்த எழுதப்படாத பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

அடுத்த ஆறு நூற்றாண்டுகளில் அரசர்கள் மாறினார்கள், ஏரியும் மதகும் பெரிய மாற்றமில்லாமல் நடந்தன. அதை விரைவாகத் தாண்டிவிடலாம். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் பாண்டிச்சேரியில் காலூன்றினார். அதற்கும் இந்த ஊர்களுக்கும் முக்கால் நூற்றாண்டு வரை பெரிய தொடர்பில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது கடற்கரை; துணி நெய்து கொடுக்க ஆள். 1740களில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்குச் சண்டை மூண்டபோதுதான் உள்நாட்டு ஊர்கள்மேல் கண் விழுந்தது. அதில் போட்டியிட்ட சந்தா சாகிபுக்கு ஆதரவாக நின்றதற்குக் கூலியாக வில்லியனூர், பாகூர்ச் சீமைகள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. பிரெஞ்சு ஆளுநரின் துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தப் பேரங்களை நாள்வாரியாகப் படிக்கலாம். அங்கே ஊர் என்றால் இத்தனை வராகன் வரி என்றுதான் பொருள்.

போரில் இந்தச் சாலை பட்ட பாடு தனிக் கதை. 1750இல் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங்கின் பெரும்படை வழுதாவூர்ப் பக்கம் வந்து இறங்கியது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றதும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி நகர்ந்தது. ஏப்ரலில் வழுதாவூர், ஜூலையில் வில்லியனூர். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஊர்களில் அந்த ஆண்டு என்ன விளைந்திருக்கும், விளைந்ததை யார் தின்றிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. முற்றுகை இறுகிய நவம்பர் கடைசியில், தானியம் போதவில்லை என்று லாலி நகரத்துத் தமிழ்க்குடிகள் 1,400 பேரை வெளியே விரட்டினார். கூட்டின் காவல்படை அவர்களை வெளியே விட மறுத்தது. கோட்டையும் திரும்பச் சேர்க்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் எட்டு நாள், வயல்களில் கிடைத்த புல்லையும் வேரையும் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழி விட்டார். ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாற்றில் இந்த 1,400 என்ற எண் இருக்கிறது. பேர் ஒன்றுகூட இல்லை.

1761 ஜனவரி 16 அன்று பாண்டிச்சேரி விழுந்தது. பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டால் போகும், சமாதானம் ஆனால் திரும்ப வரும். 1783 வெர்சாய் உடன்படிக்கையில், பாண்டிச்சேரியைச் சுற்றி ஆதாரமாக இருக்கட்டும் என்று வில்லியனூர், பாகூர்ச் சீமைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியாக 1816இல் திரும்பிக் கிடைத்தபோது எல்லை உறைந்துபோயிற்று. இதற்குள் 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுவதும் கும்பினி கைக்குப் போய், இந்தப் பக்கம் தென்னார்க்காடு ஜில்லா உருவாகியிருந்தது. பாரிசிலும் லண்டனிலும் இருந்தவர்கள் வரைபடத்தில் ஆறு பார்த்து, மலை பார்த்துப் பிரித்திருந்தால் கோடு நேராக வந்திருக்கும். அவர்கள் பிரித்தது நவாபு காலத்து வரிக்கணக்கை. கணக்கில் எந்த ஊர் எந்தச் சீமையோடு கட்டியிருந்ததோ அந்த ஊர் அந்த அரசோடு போயிற்று. திருபுவனை பிரான்சு, அரியூர் பிரான்சு, நடுவில் கண்டமங்கலம் இங்கிலாந்து. வண்டிப்பாதை இதை எதையும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது.

கோடு வந்த பிறகு இரண்டு விதமான எண்ணிக்கை தொடங்கியது. பிரெஞ்சுப் பக்கம் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசுப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் வளர்ந்தது. இந்தப் பக்கம் கர்ணம் இருந்தார். பட்டா, அடங்கல், ஏரிப்பாசனம் எல்லாவற்றையும் பார்த்த அதே கர்ணமும் மணியக்காரருமே ஊரின் தலைகளையும் எண்ணினார்கள். சென்னை ராஜதானியின் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கு 1871இல். தென்னார்க்காட்டில் அப்போது 17,55,817 பேர். 1881இல் 18,14,738. பத்தாண்டில் அறுபதாயிரம்கூடக் கூடவில்லை. நடுவில் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அடுத்த பத்தாண்டில் ஒரேயடியாக மூன்றரை லட்சம் கூடி 21,62,851 ஆனது. 1901இல் 23,49,894. அதே ஆண்டு பாண்டிச்சேரிப் பகுதியில் 1,74,456 பேர். ஒரு ஜில்லாவின் வயிற்றுக்குள் பதின்மூன்றில் ஒரு பங்கு மக்களோடு இன்னொரு நாடு இருந்திருக்கிறது.

கூட்டல் கழித்தலில் தெரியாத கழித்தல் ஒன்று உண்டு. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். ரெயூனியன் தீவுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தார்கள். 1853 முதல் மார்த்தினிக்குக்கு, 1854 முதல் குவாதலூப்புக்கு. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல், மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல். அத்தனை பேரும் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்களாக இருந்திருக்க வழியில்லை. அவ்வளவு ஜனம் அங்கே ஏது? பிரிட்டிஷ் ஊர்களில் ஆள் பிடிக்கத் தடை இருந்த காலத்திலேயே கங்காணிகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பேசி, அந்தப் பக்கம் கூட்டிப்போனார்கள். 1860, 1861 ஒப்பந்தங்களுக்குப் பிறகு பாண்டிச்சேரியிலேயே ஒரு பிரிட்டிஷ் அதிகாரி உட்கார்ந்து, பிரிட்டிஷ் குடிகள் கப்பலேறுவதைச் சரிபார்த்தார். பஞ்சக் காலத்தில் விழுப்புரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று கடற்கரைக்கு நடந்துபோக இருந்த பாதை கண்டமங்கலம் வழிதான். 1880களின் கடைசியில் இந்தப் போக்குவரத்து நின்றது. குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனுக்கு ஆடு வெட்டுகிறவர்களின் பாட்டன் எந்த ஊர் என்று கேட்டால், பாண்டிச்சேரி என்றுதான் பதில் வரும். துறைமுகத்தின் பேர் நிலைத்தது. ஊரின் பேர் கப்பலேறவில்லை.

மனிதர்களுக்குப் பிறகு மல்லாட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மர்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு நிலக்கடலை தேவைப்பட்டது. தென்னார்க்காட்டின் செம்மண் புன்செய் அதற்கென்றே செய்துவைத்ததுபோல் இருந்தது. கம்பும் வரகும் விளைந்த மேட்டு நிலமெல்லாம் மல்லாட்டைக்கு மாறியது. விழுப்புரம், பண்ருட்டி, திண்டிவனம் பக்கங்களிலிருந்து மூட்டை வண்டிகள் இரவெல்லாம் பாண்டித் துறைமுகம் நோக்கிப் போயின. பிரிட்டிஷ் மண்ணில் விளைந்து, பிரெஞ்சு மண்ணில் கப்பலேறி, பிரான்சில் சோப்பாயிற்று. 1890களில் விதை கெட்டு விளைச்சல் படுத்தது. பிறகு மொரீஷியஸ் ரகம் வந்து நிலைமை தேறியது. நெல்லை நம்பிய ஊருக்குக் கையில் காசு புரண்டது முதன்முதலாக இந்தப் பயிரால்தான். கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்ததும் இதனால்தான். முன்பணம் கொடுத்த தரகர் சொன்னதே விலை.

1879இல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. வளவனூருக்கும் வில்லியனூருக்கும் நடுவில் சின்னபாபுசமுத்திரம் நிலையம். கண்டமங்கலத்துக்காரர்களுக்கு ஸ்டேஷன் என்றால் அதுதான். படே சாயபுவின் ஜீவசமாதி இருப்பதும் அந்த ஊரில். முஸ்லிம் மகானின் சமாதியில் திருநீறு பூசிய ஆட்கள் வரிசையில் நிற்பது அங்கே யாருக்கும் வியப்பில்லை. 1908இல் பாரதியார் சென்னையை விட்டுப் பாண்டிக்குப் போனது ரயிலில்தான். அவர் பின்னால் உளவுப் போலீசும் வந்து இறங்கிற்று. அவர் அங்கே அச்சிட்ட ‘இந்தியா’ பத்திரிகைக்கு பிரிட்டிஷ் எல்லைக்குள் தடை. ஒரு தாளைக் கையில் வைத்திருப்பது அரியூரில் குற்றமில்லை. அதே தாளோடு கண்டமங்கலத்துக்கு நடந்துவந்தால் குற்றம்.

தாளுக்கு மட்டுமா? பட்டு, சென்ட்டு, பிராந்தி, கைக்கடிகாரம் என்று பிரெஞ்சுப் பக்கம் வரியில்லாமல் வந்தவை எல்லாம் இந்தப் பக்கம் வந்தால் சுங்கம் கேட்டன. 1941இல் இரண்டு அரசுகளும் சுங்க ஒன்றியம் செய்துகொண்டதால் சில ஆண்டுகள் சாவடிகளுக்கு வேலை குறைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் இந்திய அரசு அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டதும் கோடு முன்னெப்போதையும்விடக் கெட்டியானது. அதற்கு முந்தைய ஆண்டு, 1948 அக்டோபர் 2 முதல், சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஆக, அந்தப் பக்கம் கள்ளும் சாராயமும் தங்கமும். இந்தப் பக்கம் போலீசும் சுங்கமும். நிலம் ஒரு பக்கம், வீடு மறு பக்கம் இருந்த சம்சாரி ஏர் ஓட்டப் போனாலும் மடியைத் தடவிப் பார்த்தார்கள். அக்காவை திருபுவனையில் கட்டிக்கொடுத்த தம்பி, சீர்வரிசைத் தட்டைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. கோடு கிழித்து நூற்றைம்பது ஆண்டாகியும் கொள்வினை கொடுப்பினை அதை மதித்ததே இல்லை என்பதற்கு அந்தச் சாவடிகளில் நின்ற கூட்டமே சாட்சி.

1954இல் நடந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தின் பெரிய நாடகம். அன்றைக்கு பிரெஞ்சுப் பாண்டிச்சேரியில் எட்டு கொம்யூன்கள் (நகராட்சிகள்). மார்ச் 18 அன்று பாண்டிச்சேரி மேயரும் மற்ற கொம்யூன் மேயர்களும் இந்தியாவோடு இணையவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரெஞ்சுக்காரர்களின் வலது கையாக இருந்த எதுவார் குபேர் அணி மாறி, மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தைப் பிடித்துக் கொடியேற்றி, தற்காலிக அரசு என்று அறிவித்தார். திருபுவனை கொம்யூனும் அதே வேகத்தில் கைமாறியது. இதெல்லாம் ஏன் நகரத்தில் நடக்காமல் மேற்கு ஓரத்தில் நடந்தது? சுற்றிலும் இந்திய மண். பிரெஞ்சுப் படை நெட்டப்பாக்கத்துக்கோ திருபுவனைக்கோ போகவேண்டுமானால் நடுவில் கண்டமங்கலம் போன்ற இந்திய ஊர்களைத் தாண்டவேண்டும், இந்தியா விடாது. 1816இல் பிரான்சுக்குக் கிடைத்த அதே துண்டு துண்டான கோடுதான் 1954இல் அதன் கையைக் கட்டிப்போட்டது. வ. சுப்பையாவும் அவருடைய கம்யூனிஸ்ட் தோழர்களும் கோட்டக்குப்பத்தில், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம், முகாம் போட்டதற்கும் இதே கணக்குத்தான்.

அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் சம்மதித்து, சட்டப்படியான மாற்றம் நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. அப்போது ஆறு மாத அவகாசத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏறத்தாழ 5,000 பேர் அப்படி எழுதிக்கொடுத்தார்கள். பலர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தார். சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்றால் அன்று மாதாமாதம் பிராங்கில் பென்ஷன் வந்தது. திருபுவனையில் பிறந்த மச்சானுக்கு இது வாய்த்தது. அதே குடும்பத்தில் கண்டமங்கலத்தில் பிறந்தவருக்கு வாய்ப்பே இல்லை. பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர் பிறக்கவில்லை.

சாவடிகளைப் பிரித்தார்கள், கோட்டை அழிக்கவில்லை. மாநில எல்லையாக அது இருந்துகொண்டே இருக்கிறது. 1960களில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது கண்டமங்கலம் ஒன்றியத் தலைமையிடமானது. கோட்டை இருந்த வழுதாவூரும் பட்டு நெய்யும் சிறுவந்தாடும் இந்த ஒன்றியத்துக்குள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. கண்டமங்கலம் என்ற பேரில் ஒரு தனிச் சட்டமன்றத் தொகுதியும் 2006 தேர்தல் வரை இருந்தது. 2008 மறுவரையறையில் அந்தப் பேர் போய், ஊர்கள் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பிரிந்தன. தொகுதி போனதில் ஊர்க்காரர்களுக்கு இன்றும் குறை உண்டு. நியாயமான குறைதான். பேர் இருந்தவரை தேர்தல் இரவுகளில் ரேடியோவாவது இந்த ஊரைச் சொல்லிற்று.

மக்கள்தொகைக்கு வருவோம். 2011 கணக்கில், கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தில் 34,58,873 பேர். புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதும் சேர்த்து 12,47,953. மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கிராமத்தில். புதுச்சேரியில் மூன்றில் இரண்டு பங்கு நகரத்தில். கண்டமங்கலம் இந்த இரண்டு கணக்கும் உரசும் இடம். தபால் எண் 605 என்றுதான் தொடங்குகிறது. தொலைபேசிக் குறியீடும் பாண்டியோடு ஒன்று. திருபுவனை ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், வில்லியனூர் சந்தைக்குப் போகிறார்கள், மதகடிப்பட்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள். பெட்ரோல் அரியூரில் போட்டால் விலை குறைவு. ஆனால் புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டில் மருத்துவ இடத்துக்கு, அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் விண்ணப்பிக்க இருப்பிடச் சான்று கேட்பார்கள். அப்போது கண்டமங்கலத்துப் பிள்ளை வெளிமாநிலம்.

உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அந்தப் பக்கம்தான். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, இன்றைக்கு ஜிப்மர். அதோடு அரசு மகப்பேறு மருத்துவமனை, தனியார் மருத்துவக் கல்லூரிகள். விழுப்புரம், கடலூர் மாவட்டத்துப் பெண்கள் தலைப்பிரசவத்துக்கு அங்கே போவது இரண்டு மூன்று தலைமுறை வழக்கம். புதுச்சேரியில் பதிவாகும் பிறப்புகளில் கணிசமான பங்கு தமிழ்நாட்டுக் குழந்தைகள். 1962இல் பிரெஞ்சுப் பதிவேட்டில் இடம் கிடைக்காதவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது புதுச்சேரி நகராட்சிப் பதிவேட்டில் பிறக்கிறார்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இந்திய மக்கள்தொகைப் படிவத்தில் பிறந்த இடம் எது என்று ஒரு கேள்வி உண்டு. பிறந்த இடமும் எண்ணப்படும் இடமும் வேறாக இருந்தால் அவர் புலம்பெயர்ந்தவர் என்ற அட்டவணைக்குப் போவார். ஜிப்மரில் பிறந்து, ஐந்தாம் நாள் கண்டமங்கலம் வந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் செய்து, ஒரு நாளும் வேறெங்கும் குடியிருக்காத ஆள், அந்த அட்டவணையில் வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்.

அடுத்த இதழில் வழுதாவூர்க் கோட்டை.